கற்பிட்டிக் கரையில் செலினின் வங்கி அட்டை

புத்தளத்தில் பேருந்தைவிட்டு இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், கால்சட்டையின் உட்பையைத் தொட்டுப் பார்த்தது. இரண்டு வங்கி அட்டைகளும் இருந்தன. ஒன்று என்னுடையது. மற்றது என் மனைவி செலினுடையது. செலின் சென்ற தை மாதம் இறந்துவிட்டாள். அட்டையின் ஆயுள் இன்னும் முடியவில்லை.

செலின் இந்தக் கரையில் பிறந்தவள். கற்பிட்டிக்குத் தெற்கே ஒரு கடலோரச் சிற்றூர், கத்தோலிக்க மீனவர் குடும்பம். படிப்பதற்குத் திருச்சிக்கு வந்தவள், அங்கேயே கணித ஆசிரியையாகி, அதே ஊர்க் கல்லூரியில் தத்துவம் கற்பித்துக்கொண்டிருந்த என்னை மணந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பணி ஓய்வுக்குப் பிறகு தன் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியைத் தனிக் கணக்கில் சேர்த்துவந்தாள். எதற்கு என்று மருத்துவமனையில்தான் சொன்னாள். அவள் இறந்து ஓராண்டு நிறையும் ஆண்டு நாளன்று அவள் ஊரில் எல்லோருக்கும் ஒரு நேரச் சாப்பாடு கொடுக்க வேண்டும். வேறு பணத்தைத் தொடாமல் அந்தப் பணத்திலிருந்தே கொடுக்க வேண்டும். இந்தப் பயணம் அதற்காக.

ஒருவர் இறந்ததை வங்கிக்குத் தெரிவித்தால் கணக்கு முடக்கப்படும். பிறகு சான்றிதழ்களைக் கொடுத்து, நியமனதாரர் அத்தொகையைப் பெற்றுக்கொள்ளலாம். அதுவே முறை. ஆனால் அப்படிப் பெற்றால் அது என் கணக்கில் வந்து சேர்ந்து என் பணமாகிவிடும். அவள் கேட்டது அவளுடைய பணத்தை. ஆகவே நான் தெரிவிக்கவில்லை; அவளுடைய கைப்பேசியையும் அணைக்கவில்லை. காலாண்டுக்கு ஒருமுறை குறுஞ்செய்திக் கட்டணம் என்று வங்கி அவள் கணக்கில் ஒரு சிறு தொகையைப் பிடித்துக்கொள்ளும். பிடித்த செய்தியை அவள் பேசிக்கே அனுப்பும். அந்த எண்ணுக்கு இப்போது வருபவை அவை மட்டுமே.

காலை உணவு புத்தளத்தில் ஒரு முஸ்லிம் கடையில். பாண், பருப்பு, தேங்காய்ச் சம்பல், ஆணம் எனப்படும் மீன் குழம்பு. எங்கள் ஊரில் காய்ச்சல்காரருக்குக் கொடுக்கும் ரொட்டியை இங்கே பாண் என்ற பெயரில் நலமாயிருப்பவர்கள் காலையிலும் மாலையிலும் உண்கிறார்கள். கடைக்காரரை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று அழைத்தார்கள்.

“சேர் இந்தியாவா?”

“ஆமாம்.”

“அந்த ஆமாத்திலயே விளங்கிட்டு. இஞ்ச நாங்க ஓம். தனியவா வந்தீங்க? மேடம் வரல்லயா?”

“வரவில்லை.”

அவர் கேட்காமலே இன்னொரு மீன் துண்டை வைத்தார். “தனிய வாறவங்கட பேக்தான் சேர் களவு போற. பஸ்ஸில மேல வைக்காதீங்க. மடியில வைங்க. நித்திர கொள்ளாதீங்க.”

பின்மேசையிலிருந்து ஒருவர் சொன்னார்: “நானா, கள்ளன் பஸ்ஸில எண்டு சொல்லிச் சொல்லி நீ இஞ்சயே பில்லக் கூட்டிருவா.”

“அவன்ட கதைய விடுங்க சேர். அந்தத் துண்டுக்குக் காசில்ல.”

இல்லை என்றுதான் பில்லிலும் இருந்தது.

வழிச்செலவுக்காக என் அட்டையில் கொஞ்சம் பணம் எடுத்தேன். இதில் நான் கடைப்பிடிக்கும் வழக்கங்களைப் பயணம் போகிறவர்களுக்குச் சொல்வதில் தவறில்லை. தெருவோரப் பெட்டிகளைத் தவிர்த்து, வங்கிக் கட்டடத்துக்குள் இருக்கும் இயந்திரத்தைப் பகல் நேரத்தில் பயன்படுத்துவேன். அட்டை நுழையும் வாயை முதலில் விரலால் அசைத்துப் பார்ப்பேன்; ஒட்டவைத்த கருவியாக இருந்தால் ஆடும். இரகசிய எண்ணை அழுத்தும்போது மறுகையால் மூடிக்கொள்வேன். தொகையை இந்திய ரூபாயில் கணக்கிடட்டுமா என்று திரை அன்புடன் கேட்கும். வேண்டாம் என்பேன், ஏனெனில் அந்த அன்புக்கு விலை உண்டு. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் இங்குள்ள வங்கி ஒரு கட்டணம் பிடிக்கும், ஊரிலுள்ள வங்கி இன்னொன்று. எனவே அடிக்கடி சிறிதாக எடுப்பதைவிட ஒரே முறை எடுப்பது மேல். செலினின் பணத்தை மட்டும் கற்பிட்டியில் எடுக்க எண்ணியிருந்தேன். பெருந்தொகையுடன் பேருந்தில் போக விருப்பமில்லை.

எனக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. கால்சட்டையின் வெளிப்பையில் ஒரு பழைய பணப்பை வைத்திருப்பேன். அதில் சில்லறை நோட்டுகள் மட்டும் இருக்கும். திருடன் வந்தால் அதை எடுத்துக்கொண்டு மனநிறைவுடன் போகட்டும் என்ற ஏற்பாடு.

கற்பிட்டிப் பேருந்து நிறைந்திருந்தது. ஒரு பக்கம் களப்பு எனப்படும் காயல், மறுபக்கம் உப்பு வெளிகள். சாலையைக் கடந்த கழுதைகளுக்காக ஓட்டுநர் நின்றார். எங்கள் ஊரில் மாடுகளுக்குக் கிடைக்கும் மரியாதை இங்கே கழுதைகளுக்குக் கிடைக்கிறது. பக்கத்து இருக்கையில் கைகளில் சாயக்கறை படிந்த ஒருவர் உட்கார்ந்தவுடன் உறங்கிவிட்டார். அவர் தலை மெல்லச் சரிந்து என் தோளில் தங்கியது. நான் அசையவில்லை.

சற்று நேரத்தில் வெளிப்பையைத் தொட்டேன். பணப்பை இல்லை.

நடத்துநரிடம் தாழ்ந்த குரலில்தான் சொன்னேன். அவர் தாழ்த்திக்கொள்ளவில்லை. பேருந்து முழுவதும் என் பக்கத்து மனிதரைப் பார்த்தது. எதிர் இருக்கையில் வெங்காயப் பையோடு இருந்த, என்னைவிட மூத்த முஸ்லிம் பெண்மணி பேசினார்.

“அவன் பாலாவியில ஏறினதிலருந்து நித்திர, தம்பி. நித்திரையில எப்பிடிக் களவெடுக்கிற? எழும்பிப் பாருங்க.”

என்னை யாரும் தம்பி என்று அழைத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. எழுந்து பார்த்தேன். இருக்கைக்கும் பக்கத் தகட்டுக்கும் இடையிலிருந்த பிளவில் பணப்பை செருகிக் கிடந்தது.

விழித்துக்கொண்ட மனிதரிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்ல அங்கிள்” என்றார். பிறகு முன்னிருக்கையின் கம்பியில் நெற்றியை வைத்து உறங்கத் தொடங்கினார். என் தோளில் அவர் தலை இருந்த இடம் சிறிது நேரம் சூடாகவே இருந்தது.

ஊர்ச் சந்தியில் செலினின் தம்பி பெனடிக்ற் மோட்டார்ச் சைக்கிளுடன் காத்திருந்தான். அவன் கரைவலை இழுப்பவன். போர்க்காலத்தில் போக்குவரத்து அற்றுப்போனதால், எங்கள் திருமணத்துக்குப் பிறகு நான் அவனைப் பார்த்தது ஒரே ஒருமுறை. அவன் மனைவி மெற்றில்டாவை இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன். எனக்காக ஓர் அறையை ஒழித்து, கட்டிலில் புதிய விரிப்புப் போட்டு, இரண்டு தலையணைகளை வைத்திருந்தாள். வைத்தபின் யோசித்திருக்க வேண்டும். நான் கைகழுவித் திரும்பியபோது ஒன்றுதான் இருந்தது.

மாலையில் தனியே கடற்கரைக்குப் போனேன். வலைகள் உலர்ந்தன. தொலைவில் காற்றாலைகள் சுழன்றன. இந்தக் கடலைப் பற்றிச் செலின் சொன்னவற்றுள் காற்றாலைகள் இல்லை. அவள் போன பிறகு வந்தவை. அவள் சொன்னவற்றில் எது எங்கே என்று கேட்பதற்கு அவளே வேண்டியிருந்தது.

மறுநாள் காலை பெனடிக்ற் என்னைக் கற்பிட்டி வங்கிக்கு அழைத்துச் சென்றான். செலினின் அட்டையைச் செருகினேன். அவளுடைய இரகசிய எண் எனக்குத் தெரியும். ஊரிலிருந்து புறப்படும் முன்பே அவள் பேசியின் வழியாக வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, தேவையான அளவுக்கு வரம்பையும் உயர்த்தியிருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. இயந்திரம் சற்று யோசித்து, உங்கள் வங்கியைத் தொடர்புகொள்ளுங்கள் என்று சொல்லி அட்டையைத் திருப்பித் தந்தது.

அடுத்த கணம் என் சட்டைப்பையில் செலினின் பேசி ஒலித்தது.

அது ஒலித்துப் பல மாதங்களாகியிருந்தன. எடுத்துப் பார்த்தேன். எண், அட்டையின் பின்புறம் அச்சிட்டிருந்த வங்கி எண்ணேதான். இருந்தும் எடுக்கக் கை வரவில்லை. ஒலித்து ஓய்ந்தது. பின்னாலேயே ஒரு செய்தி: வழக்கத்துக்கு மாறான முயற்சி என்பதால் அட்டை தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளது; உறுதிப்படுத்துவதற்கு நாளை காலை மீண்டும் அழைப்போம்; அதற்கும் பதில் இல்லையெனில் உங்கள் கிளைக்கு நேரில் வரவும். கிளை திருச்சியில். நேரில் வர வேண்டியவள் செலின்.

வாசலில் நின்ற காவலர் பெனடிக்ற்றிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டேன். “அந்த ஐயா இயந்திரத்தைவிட்டு நகரவில்லை, நாற்காலியில் இருக்கச் சொல் என்கிறார்” என்று மொழிபெயர்த்தான். பிறகு, தன் சொந்தக் குரலில்: “அத்தான், அது அக்காட போனா?”

“ஆமாம்.”

“அக்காட கார்ட்டா போட்டீங்க?”

நாற்காலியில் அமர்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி, தேங்காய், இறைச்சி எல்லாவற்றுக்கும் அந்தப் பணம்தான் என்று. வங்கிகள் இந்த எச்சரிக்கையைத் திருடர்களுக்காக வைத்திருக்கின்றன. இறந்தவளின் அட்டையோடு அயல்நாட்டு இயந்திரத்தின் முன் நிற்பவனை அது வேறு யாராக எண்ண முடியும்? அதன் நியாயத்தில் எனக்குக் குறை சொல்ல எதுவுமில்லை. பெனடிக்ற் போய் மோட்டார்ச் சைக்கிளை எடுத்துவந்தான்.

மதியம் சோறு போட்டுக்கொண்டே மெற்றில்டா பேச்சைத் தொடங்கினாள். அவன் சொல்லியிருக்கிறான்.

“அண்ணன், இஞ்ச செத்தவங்கட காசில சாப்பாடு குடுக்கிறேல்ல.”

“அது செலின் கேட்டது, அம்மா.”

“கேட்டிருப்பா. ஆனா எங்கட கரையில அப்பிடி இல்ல. ஆண்டுக்குச் சம்மாட்டி ஒரு பாடு குடுப்பார்.”

பாடு என்றால் வலையை ஒருமுறை விரித்து இழுப்பது. சம்மாட்டி வலைக்குச் சொந்தக்காரர். ஊரில் ஒருவருடைய முதல் ஆண்டு நாளன்று விடியற்காலைப் பாடு இறந்தவர் பெயரில் இழுக்கப்படும். அன்று கயிறு பிடிக்கும் யாருக்கும் பங்கு கிடையாது, சம்மாட்டிக்கும் கிடையாது. வந்த மீன் கோயில் வளாகத்துக்குப் போய் எல்லோருக்கும் சமைக்கப்படும். அரிசியும் தேங்காயும் வீட்டுக்கு வீடு வரும். செலினுக்காகப் பெனடிக்ற் ஏற்கெனவே கேட்டிருந்தான்; சம்மாட்டி சம்மதித்தும் விட்டார்.

“இந்த வருசம் மீன் குறைவு” என்றான் பெனடிக்ற். “நேத்தும் ரெண்டு பாடு வெறும் பாசி. அது வேற கதை. குடுத்தது குடுத்ததுதான்.”

“மீன் வராவிட்டால்?”

“வராட்டி சோறும் சம்பலும்.”

“அவள் கேட்டது அதுவல்ல, பெனடிக்ற். இறைச்சியோடு, எல்லோருக்கும். பணம் இருக்கிறது. நாளை காலை வங்கி அழைக்கும். ஆம் என்று ஓர் எண்ணை அழுத்தினால் போதும்.”

அவன் தட்டிலிருந்து கையை எடுத்தான். “அக்காவுக்கு இது தெரியாதா அத்தான்? எங்கட அப்பாட ஆண்டுக்கு இழுத்த மீனக் கழுவினது அவதான். தெரிஞ்சும் காசு சேத்து வச்சிருக்கிறா எண்டா, தனக்கு இஞ்ச ஒருத்தரும் இழுக்க மாட்டாங்களெண்டு நினைச்சிட்டா. விட்டிட்டுப் போனவதானே எண்டு.”

மெற்றில்டா அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் மறுபடி சாப்பிடத் தொடங்கினான். நானும் சாப்பிட்டேன். தனக்கு யாரும் இல்லை என்று அவள் என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. திருச்சியில், என் வீட்டில், ஒவ்வொரு மாதமும் தன் ஆண்டுச் சாப்பாட்டுக்கான பணத்தைத் தானே ஒதுக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

பிற்பகல் முழுவதும் அறையில் இருந்தேன். அவள் கேட்டதைச் செய்வதா, அவள் கேட்கத் துணியாததை ஏற்பதா என்பது என் கேள்வி. வகுப்பில் இத்தகைய கேள்விகளை மாணவர்களிடம் எழுப்பி, மணி அடித்ததும் வெளியேறிவிடுவது வழக்கம். இங்கே மணி அடிக்கவில்லை. மீன் வந்தால் இவர்களுடைய வழக்கத்தை ஏற்பது, வராவிட்டால் அட்டையைப் பயன்படுத்துவது என்று இறுதியில் ஒரு முடிவுக்கு வந்தேன். எச்சரிக்கையான மனிதனின் முடிவு அது. அன்றைக்கு அதைவிட மேலானது எனக்குக் கிட்டவில்லை.

ஆண்டு நாள் வெளுத்தபோது வலை கடலுக்குப் போயிருந்தது. படகு அரைவட்டமாகச் சுற்றி வந்து கயிற்றின் மறுமுனையைக் கரையில் தந்தது. இரண்டு முனைகளிலும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். பாதிப்பேர் வேறு ஊர்களிலிருந்து கூலிக்கு வந்து வாடி எனப்படும் கரையோரக் குடிசையில் தங்கியிருப்பவர்கள். எல்லோரும் பேசிகளையும் பணப்பைகளையும் ஓர் அலுமினியச் சட்டியில் போட்டு, துண்டால் மூடி, மணலில் வைத்துவிட்டிருந்தார்கள்.

“காவலுக்கு யாரும் இல்லையா?” என்று கேட்டேன்.

“எல்லாரும் கயித்தில நிக்கிறம் ஐயா” என்றார் எனக்குப் பின்னால் நின்ற கூலியாள், நரைத்த மீசைக்காரர். “களவெடுக்கிறதுக்கு ஆரையாவது வெளியில இருந்து பிடிச்சிட்டு வரணும்.”

என் அட்டைகளையும் இரண்டு பேசிகளையும் சட்டியில் வைத்தேன். மெற்றில்டா கூடையோடு வந்து அதனருகே உட்கார்ந்தாள்.

“அத்தான், நீங்களும் பிடியுங்க” என்று பெனடிக்ற் எனக்குக் கயிற்றில் இடம் விட்டான். நனைந்த கயிறு உள்ளங்கையை அறுத்தது. பின்னாலிருந்து பேச்சு கேட்டுக்கொண்டே இருந்தது.

“இது ஆருட பாடு?”

“செலின்.”

“ஆரு செலின்?”

“பெனடிக்ற்ற அக்கா. இந்தியாவுக்குப் போன ரீச்சர்.”

“அப்ப எங்களுக்கு ஒண்டும் இல்லயா இண்டைக்கு?”

“உனக்குச் சோறு இருக்கு. நேத்து உன்ட பங்குக்கு என்ன கிடைச்சது, பாசிதானே. அதவிட இது காணும்.”

காணும் என்றால் இங்கே போதும் என்று பொருள். சிரித்தார்கள். இழுத்தார்கள். அவளை அறியாதவர்கள் அவள் பெயருக்காக உடலைப் பின்னால் சாய்த்து, குதிகாலை மணலில் ஊன்றி இழுத்தார்கள். மிதவைகள் மெல்ல நெருங்கின. மீன் நிரம்பும் மடி இன்னும் வெகுதொலைவில், நீருக்குள் இருந்தது. அதில் என்ன இருக்கிறது என்று கரையிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

அப்போது மெற்றில்டா மணலில் ஓடிவந்தாள். “அண்ணன், அக்காட போன் அடிக்கிது.”

கயிற்றைவிட்டு விலகி வாங்கினேன். அதே எண். இம்முறை எடுத்தேன். பதிவுசெய்யப்பட்ட பெண்குரல், தூய தமிழில் பேசியது. தன் பேசியில் செலின் தேர்ந்தெடுத்திருந்த மொழி. இரகசிய எண்ணையோ வேறு எண்களையோ யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று முதலில் எச்சரித்தது. பிறகு கேட்டது: நேற்று இலங்கையில் உங்கள் அட்டையைப் பயன்படுத்திப் பணம் எடுக்க முயன்றது நீங்கள்தானா? ஆம் எனில் ஒன்றை அழுத்துங்கள். இல்லை எனில் இரண்டை அழுத்துங்கள்.

மடியைப் பார்த்தேன். இன்னும் நீருக்குள்தான். குரல் கேள்வியை மறுபடியும் கேட்டது. ஒன்றை அழுத்தினால் நண்பகலுக்குள் பணம் கையில் இருக்கும். மீன் வந்தாலும் வராவிட்டாலும் எல்லோருக்கும் இறைச்சிச் சாப்பாடு. அவள் கேட்டபடியே. எனக்கு எதிரே அந்த வரிசை பின்னோக்கி அடியெடுத்து வைத்துக்கொண்டிருந்தது. நான் விட்ட இடம் வெறுமையாக இருந்தது. நரைமீசைக்காரர் எட்டி அந்த இடத்தையும் சேர்த்துப் பிடித்திருந்தார்.

இரண்டை அழுத்தினேன்.

அட்டை நிரந்தரமாக முடக்கப்பட்டுவிட்டது என்றும், பணம் கணக்கில் பாதுகாப்பாக இருக்கிறது என்றும், விழிப்புடன் இருந்தமைக்கு நன்றி என்றும் அந்தக் குரல் செலினிடம் சொன்னது. இணைப்பு அறுந்தது. பேசியை மெற்றில்டாவிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றுக்குத் திரும்பினேன்.

“ஆரு ஐயா போன்ல?” என்றார் நரைமீசைக்காரர்.

“வங்கி. செலினா என்று கேட்டார்கள்.”

“என்ன சொன்னீங்க?”

“இல்லை என்றேன்.”

அவர் சற்று யோசித்தார். “ஓம், அதுதானே உண்ம” என்றார். “சரி, இழுங்க.”

மடி கரையேறியபோது வெயில் வந்துவிட்டது. சம்மாட்டி முடிச்சை அவிழ்த்தார். சூடை, நெத்தலி, கொஞ்சம் பாரை, நிறையப் பாசி. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பெனடிக்ற் முழங்காலில் நின்று பாசியை ஒதுக்கி, மீனைக் கூடையில் அள்ளிப்போட்டு, கூடையைத் தூக்கிப் பாரம் பார்த்தான்.

“காணும்” என்றான்.

கூலிக்காரர்கள் சட்டியிலிருந்து தங்கள் பேசிகளை எடுத்துக்கொண்டார்கள். யாரும் பங்கு கேட்கவில்லை.